பழைய நேபாள ரூபாய் நோட்டுகள்: சேகரிப்பும் மதிப்பீடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேபாளத்தில் காகிதப் பணம் எப்போது அறிமுகமானது?

நேபாளத்தின் நாட்காட்டியான விக்ரம் சம்வத்தின்படி 2002ஆம் ஆண்டு, ஆசுவின் மாதத்தின் முதல் நாளில், அதாவது 1945 செப்டம்பர் 17 அன்று அறிமுகமானது. திரிபுவன் அரசராக இருந்தாலும், நாட்டின் நிர்வாகம் ராணா பிரதமர் ஜுத்த ஷம்ஷேரின் கையில் இருந்த காலம் அது. அதுவரை நேபாளம் வெள்ளி, செப்பு நாணயங்களைக் கொண்டே வரவு செலவு செய்துவந்தது. முதல் நோட்டுகளை ‘சதர் முலுகி கானா’ என்ற அரசுக் கருவூலம் 5, 10, 100 மோஹ்ரு (அன்றைய நேபாளப் பண அலகு) மதிப்புகளில் வெளியிட்டது. கருவூலத் தலைவர் ஜனக் ராஜ் அவற்றில் கையொப்பமிட்டார். அவை அச்சானது நம் நாட்டின் நாசிக் பாதுகாப்பு அச்சகத்தில். 1 மோஹ்ரு நோட்டு 1951ல்தான் வந்தது; அதில் அரசரின் உருவத்துக்குப் பதிலாக ஒரு நாணயத்தின் படம் இடம்பெற்றிருந்தது.

அந்நாளில் தெற்கே தராய் சமவெளியில் இந்திய ரூபாயே பெருமளவில் புழங்கியது. நேபாளப் பணத்தின் செல்வாக்கு காட்மாண்டு பள்ளத்தாக்கையும் மலைப் பகுதிகளையும் பெரிதாகத் தாண்டவில்லை. திரிபுவன் கால நோட்டுகள் இன்று, குறிப்பாக நல்ல நிலையில், அரிதாகவே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோட்டில் ஆண்டு அச்சிடப்படவில்லை. அதன் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நேபாள நோட்டு சேகரிப்பின் உயிரே இந்தக் கேள்வியில் இருப்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். 2012ஆம் ஆண்டு வரிசைக்கு முற்பட்ட நேபாள நோட்டுகளில் பொதுவாக வெளியீட்டு ஆண்டு அச்சிடப்படுவதில்லை. ஆகவே நோட்டில் இருக்கும் மூன்று செய்திகளைச் சேர்த்துப் படித்துத்தான் காலத்தை நிர்ணயிக்க வேண்டும்.

முதலாவது, அரசரின் உருவமும் அவர் அணிந்திருக்கும் உடையும். திரிபுவனுக்கு அடுத்து வந்த மகேந்திரர் ஒரு வரிசையில் நேபாளத் தொப்பியுடன் மரபுடையிலும், அடுத்த வரிசையில் ராணுவச் சீருடையிலும் காட்சி தருகிறார். அவருக்கு அடுத்து வந்த பீரேந்திரர் முதல் வரிசையில் ராணுவச் சீருடையிலும், 1981 முதல் வந்த இரண்டாம் வரிசையில் ஷா வம்சத்தின் இறகு சூடிய கிரீடத்துடனும் இருக்கிறார். உருவத்தையும் உடையையும் பார்த்த உடனேயே ஏறக்குறையப் பத்தாண்டு எல்லைக்குள் வந்துவிடலாம்.

இரண்டாவது, நோட்டை வெளியிட்டவர் யார் என்பது. நேபாள ராஷ்டிர வங்கி 1956 ஏப்ரல் 26 அன்று தொடங்கப்பட்டது. ஆனால் வங்கியின் பெயரில் முதல் நோட்டுகள் 1960 பிப்ரவரி 19 அன்றுதான் வெளிவந்தன. அதற்கு முந்தைய நோட்டுகள் அனைத்தும் கருவூலத்தின் நோட்டுகளே. வங்கியின் முதல் நோட்டுகளிலும் பண அலகு மோஹ்ரு என்றே இருந்தது; 1960களில் படிப்படியாக ரூபாய் என்று மாறியது.

மூன்றாவது, கையொப்பம். உண்மையில் காலத்தைத் துல்லியமாகச் சொல்வது இதுதான். வங்கியின் முதல் ஆளுநர் ஹிமாலய ஷம்ஷேர் தொடங்கி லட்சுமிநாத் கௌதம், பேக் பகதூர் தாபா, யாதவ் பிரசாத் பந்த், குல சேகர் சர்மா, கல்யாண விக்ரம அதிகாரி, கணேஷ் பகதூர் தாபா, ஹரிசங்கர் திரிபாட்டி, சத்யேந்திர பியாரா ஷ்ரேஷ்டா, திலக் ராவல் என்று ஒவ்வொருவரின் பதவிக்காலமும் பதிவில் உள்ளது. ஒரே வடிவமைப்பு, ஒரே நிறம், ஒரே மதிப்பு கொண்ட இரண்டு நோட்டுகள் கையொப்பத்தால் மட்டுமே வேறுபட்டு, பல ஆண்டு இடைவெளியில் அச்சானவையாக இருக்கும். கையொப்ப அட்டவணை ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளாமல் நேபாள நோட்டு வாங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தேவநாகரி எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. நேபாள நோட்டு சேகரிக்க முடியுமா?

தாராளமாக முடியும், ஆனால் தேவநாகரி எண்கள் பத்தையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலை நேரம் போதும். பழைய நோட்டுகளின் வரிசை எண் தேவநாகரி இலக்கங்களில்தான் இருக்கிறது. அவற்றில் ஒன்றும் ஒன்பதும் புதியவர்களைக் குழப்பும் இணை: இரண்டிலும் ஒரு சுழியும் அதிலிருந்து இறங்கும் வாலும் உண்டு, சுழி திரும்பியிருக்கும் பக்கம் மட்டுமே வேறு. போதாக்குறைக்கு, நேபாளத்தில் அச்சாகும் ஐந்து, எட்டு, ஒன்பது ஆகியவற்றின் வடிவம் இந்தி நூல்களில் நாம் பார்க்கும் வடிவத்திலிருந்து மாறியிருப்பதும் உண்டு. ‘அனைத்தும் ஒன்று’ எனும் சிறப்பு எண் என்று நம்பி அதிக விலை கொடுக்கும் முன், எண்ணைச் சரியாகத்தான் படித்தோமா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

பீரேந்திரர் காலத்திலிருந்து பின்பக்கத்தில் வங்கியின் பெயரும் மதிப்பும் ஆங்கிலத்திலும் இருப்பதால், எந்த நோட்டு என்று அடையாளம் காண்பதில் சிரமமில்லை. விக்ரம் சம்வத் ஆண்டைப் பொது ஆண்டாக மாற்ற, ஏப்ரல் நடுப்பகுதி முதல் டிசம்பர் வரையிலான தேதிக்கு 57ஐயும், ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையிலான தேதிக்கு 56ஐயும் கழித்தால் போதும்.

முக்திநாத் யாத்திரை சென்ற எங்கள் தாத்தா கொண்டுவந்த நேபாள நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. அவற்றுக்கு மதிப்பு உண்டா?

தமிழ்நாட்டிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் மிகுதியானது இதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் முக்திநாத்தில் இருப்பதாகக் கொள்ளப்படுவதாலும், பசுபதிநாதர் தரிசனத்துக்காகவும், தலைமுறைகளாக நம்மவர்கள் நேபாளம் சென்றுவந்திருக்கிறார்கள். திரும்பும்போது செலவழியாமல் தங்கிய சில நோட்டுகள் பூஜை அறைப் பெட்டியிலோ பழைய நாட்குறிப்பிலோ கிடப்பது வழக்கம்.

அப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை பீரேந்திரர் காலத்து 1, 2, 5, 10 ரூபாய் நோட்டுகளாகவே இருக்கும். அவை ஏராளமாக அச்சானவை. மடிந்து, அழுக்கேறிய நிலையில் சந்தை மதிப்பு மிகக் குறைவு. புத்தம் புதிதாக இருந்தாலும் 1, 2 ரூபாய் நோட்டுகள் கத்தை கத்தையாக வணிகர்களிடம் கிடைக்கின்றன. யாத்திரை 1970களுக்கு முன் நடந்திருந்தால் கதை வேறு. தொப்பியணிந்த மகேந்திரரோ, திரிபுவனோ தென்பட்டால், நோட்டைத் துடைக்காமல், தேய்க்காமல், அப்படியே ஓர் உறையில் இட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மதிப்பு குறைவு என்று தெரிந்தாலும் விற்றுவிடாதீர்கள் என்றே நான் சொல்வேன். குடும்பத்துக்கு அந்த நோட்டு தரும் மதிப்பை எந்த விலைப்பட்டியலும் குறிப்பதில்லை.

விலையை உண்மையில் எது தீர்மானிக்கிறது? பழமைதானே?

பழமை மட்டும் ஒருபோதும் தீர்மானிப்பதில்லை. எத்தனை நோட்டுகள் இன்று எஞ்சியிருக்கின்றன, அவற்றில் எத்தனை நல்ல நிலையில் உள்ளன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே விலையாகின்றன.

எடுத்துக்காட்டாக, மகேந்திரரின் ராணுவச் சீருடை வரிசையில்தான் 500, 1000 ரூபாய் நோட்டுகள் முதன்முறையாக வந்தன. அவை 1945ஆம் ஆண்டு 5 மோஹ்ரு நோட்டைவிட ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இளையவை. ஆனாலும் அந்த 1000 ரூபாய் நோட்டு நேபாள நோட்டுகளிலேயே அதிக விலை பெறுபவற்றில் ஒன்றாக இருக்கிறது. அன்றைய 1000 ரூபாய் ஒரு பெருந்தொகை; அந்த நோட்டைச் செலவழிக்காமல் நினைவுப் பொருளாக எடுத்து வைக்கும் வசதி மிகச் சிலருக்கே இருந்தது. வங்கிக்குத் திரும்பியவை அழிக்கப்பட்டன. எஞ்சியது கொஞ்சம். சிறு மதிப்பு நோட்டுகள் பிழைப்பதும், பெரு மதிப்பு நோட்டுகள் மறைவதும் எல்லா நாட்டு நோட்டுகளிலும் காணும் விதி. நேபாளத்தில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது.

திரிபுவன் காலத்து 100 மோஹ்ருவும் இதே காரணத்தால் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. அதற்கடுத்து கையொப்பம். குறுகிய காலமே பதவியிலிருந்த ஆளுநரின் கையொப்பமுள்ள நோட்டு, அதே வடிவமைப்பின் பிற நோட்டுகளைவிடக் கிடைப்பது கடினமாக இருக்கக்கூடும். ஆனால் ஆளுநர் கொஞ்ச காலமே இருந்தார் என்பதால் மட்டும் நோட்டு அரிதாகிவிடாது. அவர் காலத்தில் அந்த மதிப்பு எவ்வளவு அச்சானது என்பதே கணக்கு. விற்பவர் ‘அரிய கையொப்பம்’ என்று சொன்னால், விலைப்பட்டியலைத் திறந்து அந்தக் கையொப்பத்துக்குத் தனி விலை காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

‘பிக் எண்’ என்று வணிகர்கள் குறிப்பிடுவது என்ன?

உலக நாடுகளின் நோட்டுகளை வரிசைப்படுத்திப் பட்டியலிட்ட ஜெர்மானியரான ஆல்பர்ட் பிக் என்பவரின் பெயரால் வழங்கும் எண். நேபாளத்தின் கருவூல நோட்டுகள் 1இலிருந்து தொடங்குகின்றன. எண்ணுக்குப் பின் வரும் சிற்றெழுத்து பெரும்பாலும் கையொப்ப வேறுபாட்டைச் சுட்டும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து எழுத்தை விட்டுவிட்டால் விலையில் பெரும் பிழை நேரும்.

தரத்தை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

புழக்கத்துக்கே செல்லாத நோட்டை ‘யு.என்.சி.’ என்றும், ஒரே ஒரு மெல்லிய மடிப்போ, எண்ணும்போது விழும் மூலைக் கசங்கலோ மட்டும் உள்ளதை ‘ஏ.யு.’ என்றும், அதற்குக் கீழே ‘எக்ஸ்.எஃப்.’, ‘வி.எஃப்.’, ‘எஃப்.’ என்றும் இறங்கி, கிழிந்தும் கறைபட்டும் போன நோட்டு வரை படிகள் உள்ளன. பி.எம்.ஜி. போன்ற தரச்சான்று நிறுவனங்கள் 70 வரையிலான எண்களால் தரத்தைக் குறித்து, நோட்டை மூடிய உறையில் தருகின்றன.

மடிப்பு என்பது கண்ணால் மட்டும் தெரிவதல்ல. நோட்டை விளக்குக்கு நேராகப் பிடிக்காமல், ஒளி ஓரத்திலிருந்து சாய்வாக விழும்படி கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு மெல்லிய நிழல்கோடு ஓடினால், அது தட்டிச் சமன்செய்யப்பட்ட மடிப்பு. வரிசை எண்ணின் இலக்கங்கள் பின்பக்கத்தில் இலேசாகப் புடைத்திருப்பது அழுத்தப்படாத நோட்டின் நல்ல அடையாளம்.

குறைந்த விலை நோட்டுகளைச் சான்றுக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சான்றுக் கட்டணமே நோட்டின் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும். திரிபுவன், மகேந்திரர் காலத்துப் பெரு மதிப்பு நோட்டுகளுக்குச் சான்று பெறுவது நியாயமே, குறிப்பாக நேரில் பார்க்காமல் வாங்குவோருக்கு.

புத்தம் புதிய நோட்டு என்று வாங்கினேன். இடது ஓரத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கின்றன. ஏமாற்றப்பட்டேனா?

இல்லை. தெற்காசிய வங்கிகள் நீண்டகாலம் புதிய நோட்டுக் கத்தைகளைக் கம்பி ஊசியால் தைத்தே வெளியிட்டன. நம் இந்திய நோட்டுகளிலும் அதே துளைகளைப் பார்த்திருப்பீர்கள். கத்தையிலிருந்து நோட்டைப் பிரித்தபோது ஏற்பட்ட துளை வெளியீட்டின்போதே உண்டானது என்பதால், அது புழக்கத்தின் தேய்மானமாகக் கருதப்படுவதில்லை. தரச்சான்று நிறுவனங்களும் ‘வெளியீட்டுத் துளைகள்’ என்று குறிப்பு மட்டும் எழுதுவதுண்டு.

ஆனால் துளையின் தோற்றத்தைக் கூர்ந்து பாருங்கள். சுத்தமான சிறு துளை வேறு. கம்பி துருப்பிடித்து அதைச் சுற்றிப் பழுப்பு வளையம் படர்ந்திருப்பது வேறு. பிரிக்கும்போது துளை கிழிந்து ஓரம்வரை ஓடியிருப்பது வேறு. பின்னிரண்டும் குறைகளே. துளையே இல்லாத 1960களின் நோட்டுக்குச் சேகரிப்பாளர்கள் மனமுவந்து கூடுதல் விலை தருகிறார்கள்.

பீரேந்திரர் நோட்டுகளின் விலங்குகள் பற்றிச் சொல்லுங்கள்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்தத் தொகுப்பையே. 1 ரூபாயில் கஸ்தூரி மான், 2 ரூபாயில் சிறுத்தை, 5 ரூபாயில் யாக் எருதுகள், 10 ரூபாயில் மான்கள், 20 ரூபாயில் கடமான், 50 ரூபாயில் தார் எனப்படும் இமயமலை வரையாடு, 100 ரூபாயில் காண்டாமிருகம், 500 ரூபாயில் புலிகள், 1000 ரூபாயில் யானை. இமயத்தின் உயரத்திலிருந்து தராய்க் காடுகள் வரை அந்த நாட்டின் நிலம் முழுவதும் ஒரே தொகுப்பில் அடங்கிவிடுகிறது. 2, 20 ரூபாய் என்ற மதிப்புகளில் முதன்முறையாக நோட்டு வந்ததும் பீரேந்திரர் காலத்தில்தான். 100 ரூபாய் வரை நல்ல நிலையில் சேர்ப்பது எவருக்கும் கட்டுப்படியாகும். 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்குச் சற்றுப் பொறுமை தேவைப்படும்.

அதன்பின் கையொப்ப வாரியாக விரிக்கலாம். 1981ஆம் ஆண்டு அறிமுகமான சிறுத்தை நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்யாண விக்ரம அதிகாரியின் கையொப்பம் முதல் கிடைக்கும் ஒவ்வொன்றையும் சேர்த்தால், குறைந்த செலவில் கண்ணுக்குப் பெரும் பயிற்சி கிடைக்கும். பெரிய நோட்டுகளை வாங்கும் நாளில் அந்தப் பயிற்சி உங்களைக் காக்கும்.

25, 250 ரூபாய் நோட்டுகள் உண்மையானவையா?

உண்மையானவையே. பீரேந்திரர் அரியணை ஏறிய வெள்ளி விழாவை ஒட்டி 1997ல் வெளியான சிறப்பு நோட்டுகள் அவை. நினைவு வெளியீடு என்பதால் பலர் எடுத்து வைத்தனர். ஆகவே புத்தம் புதிய நிலையிலேயே கிடைக்கின்றன. கசங்கிய பிரதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசி அரசர் ஞானேந்திரர் காலத்து நோட்டுகளில் தேட வேண்டியவை எவை?

2002ஆம் ஆண்டின் 10 ரூபாய் பாலிமர் நோட்டு முதலாவது. நேபாளத்தின் பிற நோட்டுகளெல்லாம் காகிதமாக இருக்க, இது மட்டும் வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் வந்ததால் தொகுப்பில் தனித்து நிற்கும். ராஷ்டிர வங்கியின் பொன்விழாவை ஒட்டி 2005ல் வந்த 50 ரூபாய் நோட்டு இரண்டாவது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 2006 மே மாதம் நேபாள நாடாளுமன்றம் அரசரின் அதிகாரங்களைப் பறித்தபோது, ‘ஸ்ரீ 5 கோ சர்க்கார்’ என்ற மாட்சிமை தங்கிய அரசு, ‘நேபாள் சர்க்கார்’ என்று பெயர் மாற்றப்பட்டது. நோட்டின் முகப்பில் அரசின் உத்தரவாதத்தைக் கூறும் வரியிலும் அதே மாற்றம் நுழைந்தது. ஞானேந்திரரின் உருவம் அப்படியே இருக்க, அந்த வரியில் ‘ஸ்ரீ 5’ இல்லாத நோட்டுகள் அவருடைய கடைசி வெளியீடுகள். ‘5’ என்ற தேவநாகரி இலக்கம் அந்த வரியில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே போதும். இரண்டு வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு முடியாட்சி நோட்டிலிருந்து வெளியேறுவது கண்ணெதிரே தெரியும்.

எவரெஸ்ட் படமுள்ள நோட்டில் வலப்பக்கம் சிவப்புப் பூ ஒன்று அச்சாகியிருக்கிறது. அது அச்சுப்பிழையா?

பிழையல்ல, திட்டமிட்டே செய்யப்பட்டது. 2007 முதல் நோட்டுகளில் அரசரின் இடத்துக்கு எவரெஸ்ட் சிகரம் வந்தது. ஆனால் அச்சிடக் கிடைத்த காகிதத்தில் ஞானேந்திரரின் உருவம் நீர்க்குறியாக ஏற்கெனவே பதிந்திருந்தது. அந்தக் காகிதத்தை வீணாக்காமல், நீர்க்குறியின் மேலேயே நேபாளத்தின் தேசியப் பூவான லாலிகுராஸை அச்சிட்டார்கள். நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடித்தால், பூவுக்குப் பின்னால் அரசரின் முகம் இன்னும் தெரியும். பிற்பாடு வந்த காகிதத்தில் அதே பூ நீர்க்குறியாகவே மாறிவிட்டது. 2008 மே 28 அன்று நேபாளம் குடியரசாக அறிவிக்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மாற்றுக்கால நோட்டுகளின் வரலாற்று மதிப்பு புரியும். இன்றைக்கு அவற்றில் சிறு மதிப்புகள் மலிவாகவே கிடைக்கின்றன. வருங்காலத்தில் விலை ஏறுமா என்று கணக்குப் பார்க்காமல், நல்ல பிரதியாகப் பார்த்து இப்போதே வாங்கிவையுங்கள்.

கழுவிய, திருத்திய நோட்டுகளை எப்படி இனங்காண்பது?

நேபாள நோட்டுகளில் முழுப் போலியைவிட, பழைய நோட்டைக் கழுவி, இஸ்திரி போட்டு, ஓரத்தை வெட்டிப் புதிதுபோல் காட்டுவதுதான் அதிகம் கவலைக்குரியது. இன்றைய சலவைத் தூள்களில் துணிக்கு வெண்மை ஏற்றும் வேதிப்பொருள் உண்டு; அதில் நனைந்த காகிதம் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாகப் பளிச்சிடும். கழுவாத பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும். சிறிய புற ஊதா விளக்கு ஒன்று எளிதில் கிடைக்கும், அவசியம் வாங்குங்கள்.

ஓரம் வெட்டப்பட்டிருந்தால் நோட்டின் நான்கு பக்க வெள்ளை விளிம்புகளும் சமமாக இராது, அளவும் பட்டியலில் உள்ளதைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறையும். மூலைகள் சற்றும் மழுங்காமல் கூர்மையாக இருக்க, நோட்டின் உடல் மட்டும் தளர்ந்து மென்மையாக இருந்தால் ஐயப்படுங்கள். விரலால் மெல்ல அசைக்கும்போது புதிய காகிதத்துக்குரிய மொறுமொறுப்பான ஒலி எழ வேண்டும். கழுவியதில் அந்த ஒலி செத்துப்போயிருக்கும்.

நியாயமான விலை எது என்று எங்கே தெரிந்துகொள்வது?

இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலை ஒருபோதும் சந்தை விலை ஆகாது. ஏலங்களில் உண்மையாக விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். பெரும்பாலான ஏல நிறுவனங்கள் பழைய முடிவுகளை அனைவரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. ஒரே நோட்டின் ஒரே தரம், ஒரே கையொப்பம் கொண்ட பல விற்பனைகளை ஒப்பிடுங்கள். ஒரு விற்பனையை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஏனெனில் இருவர் போட்டியிட்டு ஏற்றிய விலை மறுமுறை கிடைக்காது. ஏல நிறுவனத்தின் கழிவு, அஞ்சல் செலவு, சுங்கம் ஆகியவற்றையும் சேர்த்தால்தான் கைக்கு வந்த விலை தெரியும். விற்கும்போது வணிகர் தரும் தொகை பட்டியல் விலையைவிட வெகுவாகக் குறைவாக இருப்பது இயல்பு. அவருக்கும் முதலீடும் காத்திருப்பும் இருக்கின்றன.

எப்படிப் பாதுகாக்க வேண்டும்?

பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளைத் தவிர்த்துவிடுங்கள். காலப்போக்கில் அவை பிசுபிசுப்பாகி, வெளிவிடும் அமிலம் காகிதத்தையும் மையையும் கெடுத்துவிடும். மைலார் எனும் பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. லேமினேட் செய்த நோட்டு சேகரிப்பாளருக்கு ஏறத்தாழப் பயனற்றது; கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும் அவ்வாறே.

கடலோர ஊர்களில் ஈரப்பதமே முதல் எதிரி. ஈரம் தங்கினால் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும்; ஒருமுறை தோன்றியவற்றை நோட்டைக் கெடுக்காமல் நீக்க வழியில்லை. இரும்பு பீரோவின் அடித்தட்டில் வைக்காமல் மேல்தட்டில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, பொட்டலங்களை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். ஆல்பத்தைப் படுக்க வைத்து அதன்மேல் கனமான பொருள்களை அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். நோட்டைத் தொடும்போது கைகள் உலர்ந்திருக்கட்டும்; ஓரங்களை மட்டும் பிடியுங்கள். ஒவ்வோர் உறையிலும் பிக் எண், கையொப்பமிட்டவர் பெயர், வாங்கிய விலை ஆகியவற்றை எழுதிய சீட்டை நோட்டைத் தொடாதவாறு தனி மடிப்பில் வைத்தால், நாளை உங்கள் பிள்ளைகள் இவற்றை எடைக்குப் போடாமல் இருப்பார்கள்.